பயன்படுத்துவோரே படைப்போர்: தருமபுரிப் பிரகடனம்

உடல்நலமும் கல்வியும் மேலிருந்து வழங்கப்படும் கொடைகள் என்ற காலம் முடிந்துவிட்டது. அவை மக்கள் தம் கையால் ஆக்கிக்கொள்ளும் ஆற்றல்கள் என்ற காலம் தொடங்கிவிட்டது. இதைத் தருமபுரி மாவட்டத்திலிருந்து அறிவிக்கிறோம். அறிவிக்கும் நாங்கள் லேத் பட்டறைக்காரர்கள், கிராம சுகாதாரச் செவிலியர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், தொடக்கப்பள்ளி ஆசிரியர்கள், தையல் தொழிலாளர்கள், பாலிடெக்னிக் மாணவர்கள். வடிவமைப்பு என்பது அழகுக்கலை மட்டுமாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஒரு பொருள் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும், யார் கைக்கு எட்ட வேண்டும், பழுதானால் யார் திறக்க வேண்டும் என்று தீர்மானிப்பது அதிகாரம். அந்த அதிகாரம் பயன்படுத்துவோரிடம் வந்துசேர வேண்டும் என்பதே எங்கள் கொள்கை. மற்றவை அதன் கிளைகள்.

பழைய ஒழுங்கின் இலக்கணம் எல்லோரும் அறிந்ததே. தேவை ஓரிடம், தீர்மானம் வேறிடம். ஒப்பந்தப்புள்ளிக்கு ஓராண்டு, திறப்புவிழாவுக்கு ஒரு நாள். கல்வெட்டு நிலைத்தது, கருவி துருப்பிடித்தது. அதனோடு வாதாட எங்களுக்கு நேரமில்லை. அதனிடம் அனுமதி கேட்கும் எண்ணமும் இல்லை.

நீரிலிருந்து தொடங்குகிறோம். இந்த மாவட்டம் நீரால் வாழ்ந்தது. நீரால் நோயுற்றதும் இதே மாவட்டம். இங்குள்ள பாறையில் ஃபுளோரைடு உண்டு. பாறையோடு நெடுங்காலம் கிடந்த நீரில் அது கரைகிறது. இந்தியத் தர நிர்ணயத்தின்படி குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் இருக்கலாம். வேறு நீரே இல்லையென்றால் 1.5 மில்லிகிராம் வரை பொறுத்துக்கொள்ளலாம். அதைத் தாண்டிய நீரைப் பல்லாண்டு குடித்தால் பிள்ளைகளின் பல்லில் காவி படியும், பெரியவர்களின் மூட்டு இறுகும், முதுகு வளையும். காய்ச்சினால் போகாது, நீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். நிறமில்லை, மணமில்லை, நாக்குக்கும் தெரியாது. புலன்களுக்குப் பிடிபடாத தீங்கை அறிவால்தான் பிடிக்க முடியும். அந்த அறிவு ஒரு சிலரிடம் பூட்டப்பட்டிருக்கும்வரை குடிப்பவருக்குப் பாதுகாப்பில்லை.

2008இல் அடிக்கல் நாட்டப்பட்டு, ஜப்பானியக் கடனுதவியுடன் கட்டி முடிக்கப்பட்டு, 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். ஃபுளோரைடு பாதிப்பைத் தணிப்பது என்ற நோக்கம் அதன் பெயரிலேயே இருக்கிறது. தருமபுரிக்கும் கிருஷ்ணகிரிக்கும் காவிரியைக் கொண்டுவந்த அந்த உழைப்பின் பெருமையைக் குறைக்க நாங்கள் வரவில்லை. ஆனால் குழாய் ஒரு நாள் வராவிட்டால் குடம் எங்கே போகிறது என்பது எந்த வீட்டுப் பெண்ணுக்கும் தெரியும்: பழைய ஆழ்துளைக் கிணற்றுக்கு. அந்தக் குடத்தின் இன்றைய நீரில் எவ்வளவு ஃபுளோரைடு இருக்கிறது என்பதை அந்தப் பெண்ணே, அந்த இடத்திலேயே அறிய முடியாதபோது, திட்டம் பெரியதாக இருக்கலாம். உரிமை சிறியதாகவே இருக்கிறது.

இதற்குரிய வேதியியல் எளிது. சிர்கோனியம் கலந்த சாயக்கரைசலைச் சில துளி விட்டால் ஃபுளோரைடு இல்லாத நீர் இளஞ்சிவப்பாக நிற்கும். ஃபுளோரைடு கூடக் கூட மஞ்சளை நோக்கி வெளிறும். வண்ண அட்டையோடு ஒப்பிட்டால் அளவு தெரிந்துவிடும். களப் பரிசோதனைப் பெட்டிகள் ஏற்கெனவே இப்படித்தான் இயங்குகின்றன. பெட்டி இருக்கும் இடத்தைத்தான் நாங்கள் மாற்றுகிறோம். அது அலுவலக அலமாரியிலிருந்து வகுப்பறை மேசைக்கு வர வேண்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளை தன் வீட்டு நீரைச் சிறு குப்பியில் கொண்டுவரட்டும், துளி விடட்டும், நிறம் மாறுவதைப் பக்கத்துக் குப்பியோடு ஒப்பிடட்டும், பள்ளிச் சுவரில் ஊரின் நீர்வரைபடத்தை எழுதட்டும். வேதியியல் பாடமும் ஊர்நலமும் ஒரே குப்பிக்குள் நடக்கும். உடல்நலத்தை ஒரு துறையும் கல்வியை இன்னொரு துறையும் பங்கிட்டுக்கொண்டதால் இரண்டும் இளைத்தன. நாங்கள் செய்யும் ஒவ்வொரு பொருளும் காக்கவும் வேண்டும், கற்பிக்கவும் வேண்டும்.

வடிகட்டிக்கும் இதே நெறி. கிளர்வூட்டிய அலுமினா ஃபுளோரைடைப் பற்றிக்கொள்ளும், ஆனால் ஓரளவுக்குத்தான். நிறைந்தபின் அதைக் காரத்தாலும் அமிலத்தாலும் கழுவிப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காவிட்டாலும் நீர் தெளிவாகவே வந்துகொண்டிருக்கும், நஞ்சு மட்டும் தடையின்றிக் கடந்துபோகும். செத்துப்போன வடிகட்டிக்கும் உயிருள்ள வடிகட்டிக்கும் கண்ணால் வேற்றுமை காண இயலாது. இந்த மௌனம்தான் வடிவமைப்பின் தோல்வி. தன் வேலை முடிந்ததைத் தானே சொல்லாத வடிகட்டியை நாங்கள் வடிகட்டி என்று அழைக்க மாட்டோம். எத்தனை குடம் இறங்கியது என்று காட்டும் எண்ணி, கடைசியாகக் கழுவிய தேதியைப் பெயிண்டில் எழுத ஒதுக்கிய இடம், அருகிலேயே ஒரு சோதனைக் குப்பி: இம்மூன்றும் இல்லாத வடிவம் எங்கள் பட்டறையை விட்டு வெளியே போகாது.

தருமபுரியின் பழம்பெயர் தகடூர். அந்தத் தகடூரின் பழங்கதை நமக்குப் பெருமை. அரிய நெல்லிக்கனியை அதியமான் தான் உண்ணாமல் ஔவைக்குக் கொடுத்தான். ஃபுளோரைடு பாதித்தவர்களுக்குக் கால்சியமும் வைட்டமின் சியும் நிறைந்த உணவை மருத்துவர்கள் சொல்லும்போது, அந்தக் கனி இன்றும் பொருத்தமாகவே இருக்கிறது. ஆனால் கொடைக்குத் தகுதியானவர் யாரென்று அரசன் முடிவு செய்தான், கனியும் ஒன்றே இருந்தது. ஈகையின் உச்சத்தை வணங்குகிறோம். ஈகையை நம்பி வாழும் நிலையை மறுக்கிறோம்.

கருவி நடுநிலையானது என்ற மயக்கத்தை இந்த மாவட்டத்தில் பிறந்த எவரும் வளர்த்துக்கொள்ள முடியாது. கையில் தூக்கிச் செல்லும் எடை, மின்சாரம் போனாலும் இயங்கும் பேட்டரி, உடனே தெரியும் விடை: நல்ல வடிவமைப்புக்குப் பாடநூல் சொல்லும் குணங்கள் அத்தனையும் கையடக்க ஸ்கேன் கருவிக்கு உண்டு. தாயையும் சிசுவையும் காக்க வந்த கருவி அது. அதையே வீட்டுக்குள் மறைத்துவைத்து, வயிற்றில் இருப்பது பெண்ணா என்று பார்த்துச் சொன்ன கும்பல்கள் இங்கே அண்மை ஆண்டுகளில் மீண்டும் மீண்டும் பிடிபட்டிருக்கின்றன. 1994ஆம் ஆண்டின் சட்டம் அதைக் குற்றம் என்கிறது. 2011 கணக்கெடுப்பு, ஆறு வயதுவரையுள்ள ஆயிரம் ஆண் குழந்தைகளுக்கு இம்மாவட்டத்தில் 913 பெண் குழந்தைகளே இருப்பதாகச் சொன்னது. மலிவும் எளிமையும் அறமாகிவிடா என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

தொட்டிலும் ஒரு பொருள்தான். 1992இல் சேலத்தில் தொடங்கி, பின்னர் இங்கும் விரிந்தது தொட்டில் குழந்தைத் திட்டம். கைவிடப்பட்ட மகவை அது ஏந்திக்கொண்டது. கைவிட வைத்த சூழலை அது கேள்வி கேட்கவில்லை. ஏந்திய கைகளுக்கு நன்றி. ஆனால் வீழ்ந்தபின் தாங்கும் பொருளோடு எங்கள் கற்பனை நின்றுவிடாது. இந்தப் பொருள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் அங்குள்ள பெண்ணின் அதிகாரம் கூடுமா, குறையுமா? எங்கள் முதல் கேள்வி இதுவே. விலை இரண்டாவது கேள்வி. முதல் கேள்வியில் தோற்ற வரைபடம் எவ்வளவு நுட்பமானதானாலும் காகிதத்திலேயே கிடக்கும். இந்தத் தீர்ப்பைச் சொல்லும் உரிமை எங்கள் பெண் உறுப்பினர்களுக்கு மட்டுமே உண்டு. ஆண்கள் அங்கே கருத்துச் சொல்லலாம், வாக்களிக்க முடியாது.

வரலாறு எங்கள் பக்கம் நிற்கிறது. இது ஆசை வார்த்தை இல்லை. இங்கேயே நடந்து முடிந்த செயல்கள் சாட்சி. 1993இல் மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் அரூரைத் தாண்டிய சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் ஓலைக் குடிசையில் வைத்தியம் பார்க்கத் தொடங்கினார்கள். பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் ஒரு வயதை எட்டாமல் மறைந்த இடம் அது. அவர்கள் தொடங்கிய பழங்குடி நல முனைப்பு வெளியூர்ச் செவிலியருக்காகக் காத்திருக்கவில்லை. மலைவாழ் பெண்களையே பயிற்றுவித்தது. அவர்களே பிரசவம் பார்த்தார்கள், அறுவை அரங்கில் துணைநின்றார்கள், ஊர் ஊராக நடந்தார்கள். சிசு மரணம் பல மடங்கு சரிந்தது. அதே பள்ளத்தாக்கில் உழவர்கள் இயற்கை வேளாண்மைச் சங்கம் கட்டினார்கள். லம்பாடிப் பெண்கள் மறைந்துகொண்டிருந்த தம் தையற்கலையைப் ‘போர்கை’ என்ற கைவினை அமைப்பின் வழியே மீட்டார்கள். ‘துளிர்’ கற்றல் மையம் பிள்ளைகளுக்குக் கைவேலையையும் படிப்பையும் பிரிக்காமல் கொடுத்தது. ஒரு பள்ளத்தாக்கு இதைச் சாதித்திருக்கிறது. ஒரு மாவட்டம் சாதிக்கும்.

மதுரையும் சாட்சி. கண்புரை அறுவைக்குப்பின் கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸ் ஏழைக்கு எட்டாத இறக்குமதிச் சரக்காக இருந்தபோது, அரவிந்த் கண் மருத்துவமனை 1992இல் ஆரோலேப் நிறுவனத்தைத் தொடங்கி, அதை நாட்டுக்குள்ளேயே செய்து, அந்நிய விலையின் சிறு பங்குக்குக் கொடுத்தது. இன்று அந்த லென்ஸ் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளுக்குப் போகிறது. புதுக்கோட்டையும் சாட்சி. 1991இல் அறிவொளி இயக்கம் எழுத்தோடு மிதிவண்டியையும் பெண்கள் கையில் கொடுத்தது. ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அதற்குத் தோள்கொடுத்தார். அந்த மிதிவண்டியில் புதிதாகக் கண்டுபிடிக்க எதுவும் இருக்கவில்லை. புதுமை அதை ஓட்டியவரிடம் இருந்தது.

பள்ளிக்கூடத்துச் சாட்சி கரும்பலகை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003இல் செயல்வழிக் கற்றல் தொடங்கி, சில ஆண்டுகளில் மாநிலம் முழுதும் பரவியபோது, வகுப்பறைச் சுவரின் அடிப்பகுதியில் ஒரு கறுப்புப் பட்டை ஓடியது. தரையில் உட்கார்ந்த பிள்ளையின் கண்மட்டத்தில், கைக்கெட்டும் உயரத்தில், ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. ஆசிரியரின் தலைக்குமேல் இருந்த பலகை பிள்ளையின் தோளருகே இறங்கியதும் சுண்ணக்கட்டி கைமாறியது. செலவு ஒரு டப்பா கறுப்புப் பெயிண்ட். விளைவு, வகுப்பறையில் யார் எழுதுகிறார் என்ற ஒழுங்கே புரண்டது. அந்த முறையின் எல்லாக் கூறுகளையும் நாங்கள் வழிமொழியவில்லை. கற்றல் அட்டை எடுத்துக் கொடுப்பதே ஆசிரியரின் வேலையாகிப்போன வகுப்பறைகளும் இருந்தன. ஆனால் அந்தப் பட்டையின் உயரம் எங்களுக்குப் பாடநூல்.

செயல்வழிக் கற்றலின் ஏணியும் அப்படியே. பாடங்களைச் சிறு படிகளாக்கி, பிள்ளை விட்ட படியிலிருந்தே தொடரலாம் என்றது அந்த ஏணி. அது இங்கேதான் மிகவும் தேவை. 2011 கணக்கெடுப்பில் தருமபுரியின் எழுத்தறிவு 68.54 விழுக்காடு, மாநிலத்திலேயே கடைசி இடம். இந்த மாவட்டத்தின் குடும்பங்கள் பெங்களூருவின் கட்டட வேலைக்கும் திருப்பூரின் பனியன் கம்பெனிக்கும் செங்கல் சூளைக்கும் போய்வருகின்றன. பிள்ளையும் கூடவே போகிறது. திரும்பிவரும்போது வகுப்பு எங்கோ போயிருக்கும். இடம்பெயரும் பிள்ளைக்கு நிலையான பாடத்திட்டம் அநீதி. அதன் ஏணி அதனோடு பயணிக்க வேண்டும்: ஒரு துணிப்பைக்குள் அடங்கும் அட்டைகள், எந்தப் படியில் நிற்கிறது என்று பிள்ளையே துளையிட்டுக் குறிக்கும் சீட்டு, சூளையருகே உள்ள பள்ளியின் ஆசிரியர் அதைப் பார்த்த கணமே புரிந்துகொள்ளும் படக்குறிகள். செயலி வேண்டும் என்பார்கள். சிக்னல் கிடைக்கும் மேடு தேடி நடப்பவர்களிடம் அதைப் போய்ச் சொல்லட்டும்.

கைச்சுற்றளவு நாடாவை எங்கள் இலட்சியப் பொருளாக முன்வைக்கிறோம். குழந்தையின் இடது மேற்கையில் சுற்றிப் பார்க்கும் ஒரு பட்டை. ஆறு மாதம் நிறைந்த, ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைக்கு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே சிவப்பு: கடும் ஊட்டக்குறைவு, உடனே சிகிச்சை. 12.5 வரை மஞ்சள்: கவனம். அதற்கு மேல் பச்சை. எழுத்து வேண்டாம், பேட்டரி வேண்டாம், தாயே அளக்கலாம். அங்கன்வாடி உத்தரத்தில் தொங்கும் எடைத்தராசில் குழந்தையை மாட்டி, அது அழுது முடிக்கும்வரை முள் நிற்கக் காத்திருந்த எவருக்கும் இந்த நாடாவின் மேன்மை விளங்கும். அறிவைச் சுருக்கித் தாயின் விரல்களுக்குள் வைத்தது இது. தாயை அறிவுக்கு வெளியே நிறுத்தவில்லை.

பொருளே வேண்டாத இடத்தில் பொருளைத் திணிக்க மாட்டோம் என்பதும் எங்கள் கொள்கை. எடை குறைந்து பிறந்த சிசுவைத் தாயின் மார்போடு தோல்படச் சேர்த்து வைக்கும் கங்காரு முறை 1978இல் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் போதாத மருத்துவமனையில் பிறந்தது. இன்று உலகமெங்கும் மருத்துவம் அதை ஏற்றிருக்கிறது. அங்கே தேவைப்பட்டது ஒரு துணிக்கட்டு மட்டுமே. விற்க எதுவும் இல்லாததால் விளம்பரமும் இல்லாத தீர்வுகளை நாங்கள் உரக்கச் சொல்வோம்.

மலைப்பாதையில் எங்கள் நெறி இன்னும் கடுமையாகிறது. பென்னாகரம் தொகுதியின் கோட்டூர், அலகட்டு மலைக் கிராமங்களை நினைத்துப் பாருங்கள். ஆண்டாண்டாக வாக்குப்பதிவு எந்திரம் கழுதை முதுகில் ஏறிப்போனது. நோயாளி தூளியில் இறங்கிவந்தார். ஒரு கம்பு, ஒரு போர்வை, முன்னும் பின்னும் இரண்டு தோள்கள். வலியெடுத்த பெண் அந்தப் போர்வைக்குள் வில்லாக வளைந்து கிடப்பார். உடன் நடக்கும் செவிலியருக்கு அவர் முகம் தெரியாது. சரிவில் கால் இடறினால் தாங்க எதுவுமில்லை. முதுகு நேராகக் கிடக்கவும், முகம் தெரியவும், குளுக்கோஸ் பாட்டில் தொங்கவும், தோளில் வாரோடு நால்வர் தூக்கவும் ஏற்ற தூளியை மூங்கிலிலும் தார்ப்பாயிலும் செய்வோம். ஆனால் அதன் மேல் ஒரு வரி பெயிண்டில் எழுதியிருக்கும்: சாலை வந்ததும் இதை உடைத்துவிடுக. உரிமைக்கு மாற்றாகக் கருவியைக் கொடுப்பது ஏமாற்று. தூளி இன்றைய கடமை, சாலை என்றைக்கும் உரிமை. சுகமான தூளியைக் காட்டிச் சாலையைத் தள்ளிப்போட நினைக்கும் எவருக்கும் எங்கள் வரைபடம் கிடைக்காது.

பழுதை நாங்கள் அவமானமாகக் கருதவில்லை. பழுதுபார்க்க முடியாமையையே அவமானமாகக் கருதுகிறோம். ஆழ்துளைக் கிணறுகள் நிறைந்த இந்த மாவட்டத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை இல்லாத கடைத்தெரு இல்லை. எரிந்துபோன மோட்டாரைப் பிரித்து, சுற்று எண்ணிச் செம்புக்கம்பியைத் திரும்பச் சுற்றி, மாலைக்குள் ஓடவைக்கிறார் அந்தக் கடைக்காரர். எங்கள் தரச்சான்றிதழ் வழங்கும் அதிகாரி அவரே. எங்கள் பொருளை அவர் மேசையில் வைப்போம். அவரிடம் இருக்கும் கருவிகளால் திறந்து, கோளாறைக் கண்டு, அரூரிலோ பாலக்கோட்டிலோ கிடைக்கும் உதிரிபாகத்தால் சரிசெய்ய முடிந்தால் அது தேறியது. பசைபோட்டு ஒட்டிய மூடியை, ஆங்கிலத்தில் மட்டும் அச்சிட்ட கையேட்டை, தயாரித்த நிறுவனத்தின் ஆள் வந்தால்தான் கழலும் திருகை நாங்கள் மறுக்கிறோம். நன்கொடையாளர் பெயர் பொருளைவிடப் பெரிதாக எழுதப்பட்டிருந்தால் அதையும் மறுக்கிறோம்.

காப்புரிமை கோர மாட்டோம். வரைபடம் யாருக்கும் உண்டு. திருத்துபவர் தம் திருத்தத்தைத் தமிழில் எழுதிப் பொதுவில் வைக்க வேண்டும் என்பது ஒன்றே நிபந்தனை. வெற்றியைப் பறைசாற்றுவதற்கு முன் தோல்வியைப் பதிவுசெய்வோம். எந்த வடிகட்டி எந்த ஊரில் எதனால் நின்றது என்பதை, நின்ற மாதத்திலேயே வெளியிடுவோம். அரசோடு சேர்ந்து உழைப்போம், அரசுக்குப் பதிலாக நிற்க மாட்டோம். நிறுவனங்களிடம் பணம் பெறலாம், கட்டளை பெற மாட்டோம். வெளியிலிருந்து வரும் பொறியாளரை வரவேற்போம். அவர் பொருள் புழங்கும் வீட்டில் தங்கி, அந்த நீரையே குடித்த பிறகு பென்சிலை எடுக்கட்டும்.

இயக்கத்துக்குப் பெயர் இன்னும் சூட்டவில்லை. பணிக்கு முன்பே பெயர்ப்பலகை வைத்த அமைப்புகளைப் போதுமான அளவு பார்த்துவிட்டோம். முதல் பொருள் ஊருக்குள் ஓராண்டு பழுதின்றியோ, பழுதாகிச் சரிசெய்யப்பட்டோ நிற்கட்டும். அந்த ஊர் எதைச் சொல்லி அழைக்கிறதோ அதை ஏற்போம்.

பணி வரிசை இது. முதலில் பள்ளிச் சோதனைக் குப்பி, அடுத்து எண்ணி பொருத்திய வடிகட்டி, மூன்றாவது மலைத்தூளி, நான்காவது இடம்பெயரும் பிள்ளையின் ஏணிப்பை. சேர விரும்புவோருக்குக் கல்வித்தகுதி, வயது வரம்பு, சந்தா எதுவும் இல்லை. தம் ஊரில் இயங்காமல் கிடக்கும் ஒரு பொருளை எடுத்துக்கொண்டு, அது எப்போது, எதனால் நின்றது என்ற விவரத்தோடு வந்தால் போதும்.